புது ஆன்டிபயாடிக் செய்திகள் அடிக்கடி வருகின்றன, மருந்து ஏன் வருவதில்லை?

கேள்வியின் சாரம் இதுதான்: எந்த மருந்துக்கும் அடங்காத பாக்டீரியாவைக் கொல்லும் புதுப் பொருளைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சில மாதங்களுக்கு ஒருமுறை செய்தி வருகிறது. ஆனால் ஐசியூவில் இன்னும் கோலிஸ்டின் மாதிரியான அறுபது வயதுக்கு மேற்பட்ட மருந்தைத்தான் போடுகிறார்கள். கண்டுபிடித்ததெல்லாம் எங்கே போகிறது? பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸான ஃபேஜ், ஏஐ என்பதில் எதை நம்பலாம்? கூடவே, இந்தத் துறையில் ஆராய்ச்சிக்கு வரலாமா என்றும் ஒரு வரி. ஆய்வகத்தில் கிடைத்த ஒரு பொருள் நோயாளியின் நரம்பில் ஏறும் மருந்தாவதற்கு நடுவில் என்ன நடக்கிறது என்பதே உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். மருத்துவமனை நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் தொடங்கி, பிறகு பல ஆண்டுகள் புது மூலக்கூறுகளை மனிதருக்குக் கொடுப்பதற்கு முந்தைய கட்டத்தில் சோதிக்கும் வேலையில் இருந்தவன் நான். நோயாளிக்கு மருந்து எழுதுபவன் அல்ல. ஒரு குறிப்பிட்ட நோயாளிக்கு எது சரி என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாக்டீரியாவைக் கொல்வது கஷ்டமே இல்லை. தட்டில் வளரும் கிருமியைக் கொல்ல ஆயிரக்கணக்கான பொருட்கள் இருக்கின்றன. நாங்கள் செய்யும் முதல் சோதனை எம்ஐசி. 96 குழிகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டு. முதல் குழியில் மருந்து அதிகம், அடுத்ததில் பாதி, அதற்கடுத்ததில் அதிலும் பாதி என்று இறங்கிக்கொண்டே போகும். எல்லாக் குழியிலும் மில்லிக்கு சுமார் 5 லட்சம் பாக்டீரியா. 35 டிகிரியில் ஓர் இரவு வைத்துவிட்டு, காலையில் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தால் சில குழிகள் கலங்கியிருக்கும், அடியில் வெள்ளையாகப் பொட்டு மாதிரி படிந்திருக்கும். சில குழிகள் தண்ணீர் போலத் தெளிந்திருக்கும். தெளிந்தவற்றில் எதில் மருந்து மிகக் குறைவோ அந்த அளவுதான் எம்ஐசி. புதுப் பொருள் ஒன்று மிகக் குறைந்த அளவிலேயே குழியைத் தெளிய வைத்துவிட்டால் அன்றைக்கு எல்லோர் முகத்திலும் சிரிப்பு. அடுத்த வாரம் அதே சோதனையில் மனித சீரம், அதாவது ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி, சேர்ப்போம். மருந்து சீரத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டால் எம்ஐசி பத்து மடங்கு, முப்பது மடங்கு ஏறிவிடும். அப்புறம் சிவப்பணுக்களோடு கலந்து பார்ப்போம். மேலே இருக்கும் நீர் சிவந்துவிட்டால் கதை முடிந்தது. அந்தப் பொருள் பாக்டீரியாவின் சவ்வை மட்டுமல்ல, எந்தச் சவ்வைக் கண்டாலும் கிழிக்கிறது என்று அர்த்தம். செய்தியில் பார்க்கும் பல பொருட்கள் தெளிந்த குழிக்கும் இந்தச் சிவந்த நீருக்கும் இடையில் எங்கோ நிற்பவை.

இதையும் தாண்டினால் அடுத்த தடை பாக்டீரியாவின் உடலமைப்பு. மருத்துவமனைகளைத் திணறடிக்கும் கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர், சூடோமோனாஸ் எல்லாம் கிராம் நெகட்டிவ் வகை. இவற்றுக்கு இரண்டு சவ்வுகள். வெளிச்சவ்வின் மேற்பரப்பு முழுக்க லிப்போபாலிசாக்கரைடு என்ற பொருள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். எண்ணெய்த் தன்மையுள்ள மூலக்கூறுகளை அது விடாது. நீரில் கரையும் சிறிய மூலக்கூறுகள் போரின் என்ற புரதத் துளைகள் வழியாக நுழையலாம், ஆனால் அளவு கொஞ்சம் பெரிதானாலும் அடைத்துக்கொள்ளும். அப்படியும் நுழைந்ததை வெளியே இறைத்துத் தள்ள பம்புகள் தயாராக இருக்கும். உள்ளே போவதும் உள்ளே தங்குவதும் தனித்தனிப் போராட்டம்.

இதன் விலையை மருந்துத் துறை ஒரு பெரிய பாடமாகவே கற்றது. 1995 முதல் 2001 வரை கிளாக்ஸோஸ்மித்க்ளைன் நிறுவனம், பாக்டீரியா மரபணு வரிசைகளிலிருந்து 'இது இல்லாமல் கிருமி வாழாது' என்று தெரிந்த புரதங்களை எடுத்து, அவற்றைத் தடுக்கும் மூலக்கூறுகளைத் தேடி சுமார் 70 பெரும் தேடல்களை நடத்தியது. ஒவ்வொன்றிலும் லட்சக்கணக்கான மூலக்கூறுகள். மேலே கொண்டுபோகத் தகுந்ததாகத் தேறியவை ஐந்தே ஐந்து. 2007இல் அவர்களே இதை வெளிப்படையாக எழுதினார்கள். தோல்வியை இவ்வளவு நேர்மையாக எழுதிய கட்டுரைகள் இந்தத் துறையில் அபூர்வம். குழாயில் தனியாக வைத்த நொதியை அழகாகத் தடுத்த பொருட்கள் உயிருள்ள பாக்டீரியாவுக்குள் நுழையவே இல்லை. மருந்து நிறுவனங்களின் மூலக்கூறு நூலகங்கள் மனித உயிரணுக்களுக்குள் போகும்படி சேர்க்கப்பட்டவை. கிராம் நெகட்டிவ் சவ்வு கேட்கும் குணங்கள் வேறு. அந்தக் குணங்கள் என்ன என்பதற்கு ஓரளவு தெளிவான விதி கிடைத்ததே 2017இல்தான். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஹெர்கன்ரோதர் குழு, ஈ.கோலைக்குள் எவ்வளவு பொருள் சேர்கிறது என்பதை ஒவ்வொரு மூலக்கூறாக அளந்து, அமீன் தொகுதி இருக்க வேண்டும், தட்டையாக இருக்க வேண்டும், வளையாமல் விறைப்பாக இருக்க வேண்டும் என்று சொன்னது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் சூடோமோனாஸுக்கு அதே விதி பொருந்தவில்லை. அதற்கு வேறு விதி தேட வேண்டியிருந்தது.

சரி, உள்ளேயும் போய்விட்டது, கொல்லவும் செய்கிறது. அடுத்து, எதிர்ப்பு எவ்வளவு சீக்கிரம் வரும்? ஆயிரம் கோடி பாக்டீரியாவை எம்ஐசியைப் போல நான்கு மடங்கு மருந்து கலந்த அகார் என்ற ஜெல்லியில் பரப்பி, மறுநாள் எத்தனை புள்ளிகள் முளைத்திருக்கின்றன என்று எண்ணுவோம். ஒன்றுமில்லை என்றால் கொண்டாட்டம். நூற்றுக்கணக்கில் முளைத்திருந்தால் அந்த மருந்து தனியாக நிற்காது, ஏனென்றால் தீவிரமான தொற்றில் உடலுக்குள் அத்தனை கோடி பாக்டீரியா இருப்பது சாதாரணம். இதைக் கண்முன் காட்டியது எபெட்ராபோரோல். ஒரே ஒரு நொதியைத் தாக்கும் புதுவகை மருந்து அது. ஆய்வகத்தில் நன்றாகவே இருந்தது. 2012 வாக்கில் சிறுநீர்த் தொற்று நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, சிலரிடம் ஓரிரு நாட்களிலேயே எதிர்ப்புள்ள கிருமிகள் தலைதூக்கின, சோதனையை நிறுத்திவிட்டார்கள். இலக்கு ஒரே மரபணுவின் புரதம் என்றால் அந்த மரபணுவில் ஓர் எழுத்து மாறினாலே போதும், கிருமி தப்பிவிடும். பென்சிலின் வகை மருந்துகள் நீடித்ததற்கு ஒரு காரணம் அவை ஒரே நேரத்தில் பல புரதங்களில் ஒட்டுபவை. புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் ஆர்என்ஏவைத் தாக்கும் மருந்துகளுக்கும் அதிர்ஷ்டம் உண்டு. பல பாக்டீரியாவில் அந்த மரபணுவுக்குப் பல பிரதிகள், ஒன்று மாறினால் போதாது.

இனி நீங்கள் குறிப்பிட்ட செய்திகளுக்கு வருகிறேன். 2015இல் டீக்ஸோபாக்டின் பெரிய பரபரப்பு. ஆய்வகத்தில் வளர மறுக்கும் மண் பாக்டீரியாவை, மண்ணுக்குள்ளேயே சின்னஞ்சிறு அறைகளில் வைத்து வளர்த்துக் கண்டுபிடித்தது. முறை புதிது. சுவர் கட்டப் பயன்படும் கொழுப்பு மூலப்பொருளைப் பிடித்துக்கொள்வதால் எதிர்ப்பு எளிதில் வராது என்பதும் உறுதியாகவே தெரிகிறது. ஆனால் அது வெளிச்சவ்வு இல்லாத கிராம் பாசிட்டிவ் கிருமிகளுக்கு மட்டும். மேலே சொன்ன வெளிச்சவ்வைத் தாண்டாது. 2020இல் ஹாலிசின். எம்ஐடியில் ஜேம்ஸ் காலின்ஸ் குழு, ஏறக்குறைய 2,300 மூலக்கூறுகள் ஈ.கோலை வளர்ச்சியைத் தடுக்கின்றனவா என்ற தரவை வைத்து ஒரு ஏஐ மாதிரியைப் பயிற்றுவித்து, ஏற்கெனவே மனிதருக்கான மருந்தாக யோசிக்கப்பட்ட சில ஆயிரம் பொருட்களில் தேடச் சொன்னது. முன்பு சர்க்கரை நோய்க்காக ஆராயப்பட்டுக் கைவிடப்பட்ட ஒன்றை அது எடுத்துக் கொடுத்தது. 2023இல் அதே வழியில் அசினெட்டோபாக்டரை மட்டும் தாக்கும் அபாசின் வந்தது. என் மதிப்பீடு இதுதான்: தேடும் வேலையை ஏஐ வேகப்படுத்துகிறது, அதில் சந்தேகமில்லை. நான் ஒரு மாதம் தட்டுகளோடு செய்ததை அது மதிய உணவுக்குள் வடிகட்டிவிடும். ஆனால் சிறுநீரகத்தைக் கெடுக்குமா, நுரையீரலுக்குள் போதிய அளவு சேருமா, எட்டு மணி நேரம் ரத்தத்தில் தங்குமா என்பதற்குப் பயிற்சி கொடுக்க நல்ல தரவே குறைவு. மருந்துகள் விழுவது பெரும்பாலும் அங்கேதான். ஆகவே மொத்தப் பயணம் எவ்வளவு குறையும் என்பது இன்னும் திறந்த கேள்வி.

இந்தப் பட்டியலில் நான் உண்மையிலேயே ஆர்வத்தோடு கவனிப்பது ஜோசுரபால்பின். ரோஷ் நிறுவனமும் ஹார்வர்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 2024இல் விவரங்களை வெளியிட்டார்கள். மேலே சொன்ன லிப்போபாலிசாக்கரைடு உள்ளே தயாராகி, ஒரு புரதப் பாலம் வழியாக வெளிச்சவ்வுக்குப் போகிறது. இந்த மருந்து அந்தப் பாலத்தை நடுவழியிலேயே அடைத்துவிடுகிறது. கார்பபெனெம் என்ற வலிமையான ஆன்டிபயாடிக் வகைக்கு அடங்காத அசினெட்டோபாக்டரையும் கொல்கிறது, ஆனால் அதை மட்டும்தான். கிருமி எதுவென்று முதலில் தெரிந்தாக வேண்டும். கிருமியை வளர்த்து அடையாளம் காணும் கல்ச்சர் ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும் இடத்தில் இப்படிப்பட்ட குறுகிய மருந்தை எப்படிப் பயன்படுத்துவது என்பது தனிப் பிரச்சினை. இதே பாதையின் இன்னொரு முனையைத் தாக்கிய முரேபாவாடின் என்ற மருந்து சூடோமோனாஸுக்காக மனிதச் சோதனையின் மூன்றாம் கட்டம் வரை போனது. 2019இல் நோயாளிகளின் சிறுநீரகம் பாதிக்கப்படுவது தெரிந்து நரம்பு வழி ஊசியை நிறுத்தினார்கள். புது இலக்கு என்பதற்காக மட்டும் நான் குதிப்பதில்லை.

இத்தனை ஆரவாரத்துக்கு நடுவே, கடந்த பத்தாண்டில் நோயாளிகளைச் சத்தமில்லாமல் சென்றடைந்தவை வேறு. பீட்டா-லாக்டம் எனப்படும் பழைய பென்சிலின் வகை மருந்துகளுக்குத் துணையாக வந்த தடுப்பான்கள். பாக்டீரியா பென்சிலின் வகை மருந்தை வெட்டிப்போட பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. இது ஒன்றும் நவீனச் சங்கதி இல்லை; பென்சிலின் பரவலாகப் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே, 1940இலேயே ஏபிரகாமும் செய்னும் அப்படி ஒரு நொதியைப் பற்றி எழுதிவிட்டார்கள். அந்த நொதியை முடக்க இன்னொரு மூலக்கூறைச் சேர்த்துக் கொடுத்தால் பழைய மருந்து மறுபடி வேலை செய்யும். 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செஃப்டாசிடிம்-அவிபாக்டம் அப்படித்தான். கேபிசி, ஆக்ஸா-48 என்ற நொதிகளை அவிபாக்டம் முடக்கும். துத்தநாகத்தை வைத்து வேலை செய்யும் என்டிஎம் நொதியை முடக்காது.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் வருகிறது. அஸ்ட்ரியோனம் என்ற 1980களின் மருந்தை என்டிஎம் நொதியால் வெட்ட முடியாது. அப்படியென்றால் அதையே கொடுத்துவிடலாமே? முடியாது. என்டிஎம் இருக்கும் கிருமியிடம் அநேகமாக வேறு இரண்டு மூன்று நொதிகளும் இருக்கும், அவை அஸ்ட்ரியோனத்தை வெட்டிவிடும். அந்த மற்ற நொதிகளை அவிபாக்டம் முடக்கும். ஆக, இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் ஓட்டையை மற்றொன்று அடைக்கிறது. இந்த ஜோடிக்கு 2024இல் ஐரோப்பாவிலும் 2025இல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பே மருத்துவர்கள் செஃப்டாசிடிம்-அவிபாக்டத்தையும் அஸ்ட்ரியோனத்தையும் ஒரே நேரத்தில் ஏற்றி இதே பலனைப் பெற்றுக்கொண்டிருந்தார்கள். அசினெட்டோபாக்டருக்காக 2023இல் வந்த சல்பாக்டம்-டர்லோபாக்டம் இதே தர்க்கம்தான். 2019இல் வந்த செஃபிடெரோகால் வேறு வழியில் போகிறது: பாக்டீரியாவுக்கு இரும்பு வேண்டும், அதைப் பிடித்து இழுக்கத் தனி வாசல் வைத்திருக்கிறது. இந்த மருந்து இரும்பைப் பிடித்துக்கொண்டு அந்த வாசல் வழியாகவே உள்ளே போய்விடும். சோதிக்கும் எங்களுக்குத்தான் தலைவலி. இரும்பை நீக்கிய ஊடகத்தில்தான் எம்ஐசி பார்க்க வேண்டும், கொஞ்சம் இரும்பு மிஞ்சினாலும் எண் தாறுமாறாகும். அதோடு, கார்பபெனெமுக்கு அடங்காத கிருமிகளில் நடந்த ஒரு சோதனையில், செஃபிடெரோகால் பெற்றவர்களில், குறிப்பாக அசினெட்டோபாக்டர் தொற்று இருந்தவர்களில், இறப்பு ஒப்பீட்டுக் குழுவைவிட அதிகமாக இருந்தது. காரணம் மருந்தா, குழுக்களின் உடல்நிலை வேறுபாடா என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

இவற்றுக்கும் எதிர்ப்பு வராமல் இல்லை. செஃப்டாசிடிம்-அவிபாக்டம் கொடுக்கும்போதே கேபிசி நொதி தன்னை மாற்றிக்கொள்கிறது. ஈ.கோலையில் அஸ்ட்ரியோனம் ஒட்டும் புரதமே மாறிய ரகங்கள் உலாவுகின்றன. ஆகவே தடுப்பான்கள் கால அவகாசம் வாங்கித் தருகின்றன என்று சொல்வதே சரி.

ஃபேஜ் பற்றி நீங்கள் தனியாகக் கேட்டிருப்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பாக்டீரியாவைத் தொற்றிக் கொல்லும் வைரஸ்தான் ஃபேஜ். 1915இல் டுவார்ட்டும் 1917இல் டெரெல்லும் தனித்தனியாகக் கண்டார்கள். ஆன்டிபயாடிக்குக்கு முந்தைய சமாச்சாரம். ஜார்ஜியாவின் டிபிலிசியில் 1923இல் தொடங்கிய எலியாவா நிறுவனம் இன்றும் இயங்குகிறது. மேற்குலகம் இதைத் திரும்பிப் பார்க்க ஒரு பெரிய காரணம் 2016இல் கலிஃபோர்னியாவில் நடந்தது. டாம் பேட்டர்சன் என்ற பேராசிரியர் அசினெட்டோபாக்டர் தொற்றில் கோமாவுக்குப் போன நிலையில், அவருடைய மனைவியும் தொற்றுநோய் ஆய்வாளருமான ஸ்டெஃபானி ஸ்ட்ராத்டி உலகமெங்கும் எழுதி ஃபேஜ்களைத் திரட்டினார். நரம்பு வழியாகச் செலுத்தியபின் பேட்டர்சன் பிழைத்தார். இப்படித் தனிமனிதர்கள் பிழைத்த நிகழ்வுகள் வேறு சிலவும் ஆவணப்படுத்தப்பட்டிருக்கின்றன. இது உறுதி.

ஆனால் முறையான ஒப்பீட்டுச் சோதனை என்று வந்தால் கதை மாறுகிறது. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் தீக்காய நோயாளிகளிடம் சூடோமோனாஸுக்கு எதிராக ஃபேகோபர்ன் என்ற சோதனை நடந்தது, முடிவு 2019இல் வெளியானது. ஃபேஜ் பெற்றவர்களிடம் கிருமி குறைய, வழக்கமான களிம்பு பெற்றவர்களைவிட அதிக நாள் ஆனது. ஏன் என்று தோண்டியபோது, தயாரித்து வைத்த திரவத்தில் ஃபேஜ்களின் எண்ணிக்கை சரிந்துபோயிருந்தது தெரிந்தது. மில்லிக்குப் பத்து லட்சம் இருக்க வேண்டிய இடத்தில் நோயாளிக்குப் போனது நூறு அல்லது அதற்கும் கீழே. இதை வைத்து ஃபேஜ் வேலை செய்யாது என்று சொல்ல முடியாது. ஃபேஜை மருந்தாகச் செய்வது, நிலையாக வைத்திருப்பது, ஒவ்வொரு நோயாளியின் கிருமிக்கும் பொருத்துவது எவ்வளவு கடினம் என்று இது காட்டியது. ஒரு ஃபேஜ் ஓர் இனத்தின் எல்லா ரகங்களையும் தொற்றாது. கிருமி ஃபேஜுக்கும் எதிர்ப்பு வளர்க்கும். உடலும் அதற்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்கும். இவற்றில் எதிர்ப்பு வளர்வதையே சாதகமாகத் திருப்பும் ஒரு யோசனை இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த ஒரு ஃபேஜ், சூடோமோனாஸின் மருந்து வெளியேற்றும் பம்பின் ஒரு பகுதியைப் பிடித்துத்தான் உள்ளே நுழைகிறது. அந்த ஃபேஜிடமிருந்து தப்பப் பாக்டீரியா பம்பை மாற்றினால், பழைய ஆன்டிபயாடிக்குகள் மறுபடி கேட்கத் தொடங்குகின்றன. அழகான யோசனை. பெரிய சோதனையில் நிற்குமா என்பது இனிமேல்தான். ஃபேஜ்கள் பயன்படுத்தும் நொதிகளை மட்டும் மருந்தாக்கும் முயற்சியும் உண்டு. அதில் முன்னணியில் இருந்த எக்ஸிபகேஸின் மூன்றாம் கட்டச் சோதனை, பலன் தெரியவில்லை என்று 2022இல் நின்றது. என் கணிப்பில் ஃபேஜ், வேறு வழியே இல்லாத நோயாளிக்கு, ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து, சிறப்பு மையங்களில் கொடுக்கும் சிகிச்சையாக வளரும். கடையில் வாங்கும் மருந்தாக அது மாறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மனிதச் சோதனை என்ற கட்டத்தைப் பற்றி நிறையப் பேர் ஒரு குறை சொல்கிறார்கள்: 'புது மருந்து பழையதைவிட மோசமில்லை என்று மட்டும்தானே நிரூபிக்கிறார்கள்!' உண்மைதான், காரணம் இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான தொற்றில் ஒருவருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையை ஒப்பீட்டுக்காகக் கொடுக்க முடியாது. எதிர்ப்புள்ள கிருமி தொற்றியவர்களோ ஏற்கெனவே பல நோய்களோடு, பல மருந்துகள் ஏற்றப்பட்டு, நினைவில்லாமல் ஒப்புதல் கொடுக்க முடியாத நிலையில் இருப்பார்கள். பிளாசோமிசின் மருந்தைக் கார்பபெனெம் எதிர்ப்புத் தொற்றுகளில் ஒப்பிட்ட சோதனைக்குப் பல நாடுகளில் தேடியும் அந்த ஒப்பீட்டுப் பகுதிக்குக் கிடைத்தவர்கள் நாற்பதைத் தாண்டவில்லை. அதனால்தான் பெரும்பாலான மருந்துகள் எளிதில் ஆள் கிடைக்கும் சிறுநீர்த் தொற்றில் சோதிக்கப்படுகின்றன. ஓர் உறுப்பில் வேலை செய்வது இன்னொன்றில் செய்யும் என்ற உத்தரவாதமும் இல்லை. டாப்டோமைசின் ரத்தத் தொற்றில் அருமையான மருந்து. நிமோனியாவில் தோற்றது. நுரையீரல் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அங்கே சுரக்கும் சர்ஃபாக்டன்ட் மருந்தைப் பிடித்து முடக்கிவிடுகிறது என்பது பிறகுதான் விளங்கியது.

கடைசித் தடை பணம். பிளாசோமிசினை உருவாக்கிய அக்கேயோஜென் நிறுவனத்துக்கு 2018 ஜூனில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. 2019 ஏப்ரலில் திவாலானது. மருந்து தோற்கவில்லை, விற்பனை போதவில்லை. புது ஆன்டிபயாடிக்கைக் கடைசி ஆயுதமாகப் பூட்டி வையுங்கள் என்று நாங்கள்தான் சொல்கிறோம். பூட்டி வைத்த மருந்து எப்படி விற்கும்? பயன்படுத்தினாலும் பத்து நாள் சிகிச்சை, வாழ்நாள் முழுக்கச் சாப்பிடும் மருந்து அல்ல. இதற்கு நான் பார்த்ததில் உருப்படியான பதில் இங்கிலாந்து செய்தது: 2022இல் செஃபிடெரோகால், செஃப்டாசிடிம்-அவிபாக்டம் இரண்டுக்கும், எத்தனை டோஸ் போனாலும் சரி, ஆண்டுக்கு மருந்து ஒன்றுக்கு 1 கோடி பவுண்டு வரை சந்தாவாகக் கொடுக்க ஏற்பாடு. ஒரு நாடு மட்டும் செய்து போதாது, ஆனால் திசை சரி. எதிர்ப்புள்ள பாக்டீரியாவால் 2019இல் மட்டும் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட் இதழில் 2022இல் வந்த பெரிய ஆய்வு கணக்கிட்டது. அந்தச் சுமைக்கு முன்னால் இந்தத் தொகை ஒன்றுமே இல்லை.

எல்லாமே இருட்டாகச் சொல்லிவிட்டேனோ என்று தோன்றுவதால் காசநோயைச் சொல்ல வேண்டும். பல மருந்துகளுக்கும் அடங்காத காசநோய்க்கு முன்பு ஒன்றரை இரண்டு ஆண்டு சிகிச்சை, அதில் மாதக்கணக்கில் ஊசி, காது கேளாமல் போகும் அபாயம், அப்படியும் பலர் குணமாகவில்லை. பெடாகுலின், பிரிட்டோமனிட், லினசோலிட் மூன்றையும் ஆறு மாதம் மாத்திரையாகக் கொடுத்த நிக்ஸ்-டிபி சோதனையில் 109 பேரில் சுமார் 90 சதவீதம் பேருக்கு நல்ல பலன். 2022இல் உலக சுகாதார அமைப்பு, மாக்ஸிஃபிளாக்ஸசினையும் சேர்த்த ஆறு மாத முறையைப் பரிந்துரைத்தது. லினசோலிட் பலருக்கு நரம்பு மரத்துப்போகச் செய்தது. பிறகு டோஸைக் குறைத்துப் பார்த்துச் சரிசெய்தார்கள். பெடாகுலினுக்கு எதிர்ப்பு இப்போதே தெரிகிறது. இருந்தும் இது நிஜமான வெற்றி. பிரிட்டோமனிட்டைக் கடைசிவரை சுமந்தது டிபி அலையன்ஸ் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு என்பது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன்.

அடுத்த முறை செய்தி வரும்போது, கிராம் நெகட்டிவ் கிருமியில் வேலை செய்ததா, தட்டில் மட்டுமா எலியிலுமா, மனிதருக்குக் கொடுத்தார்களா என்று பாருங்கள். இந்த மூன்றுக்கும் செய்தியில் பதில் இல்லையென்றால் பத்து ஆண்டு தள்ளி யோசியுங்கள். இருந்தால் ஐந்தாறு ஆண்டு.

ஆராய்ச்சிக்கு வரலாமா என்ற கேள்விக்கு: வாருங்கள். ஆனால் இன்னொரு கொல்லும் மூலக்கூறைத் தேடுவதற்கு அல்ல, அதற்கு ஆட்கள் ஏற்கெனவே அதிகம். கிராம் நெகட்டிவ் சவ்வு வழியாக மூலக்கூறு எப்படி நுழைகிறது என்று அளப்பவர்கள் போதவில்லை. எம்ஐசிக்கு மேல் மருந்து எத்தனை மணி நேரம் ரத்தத்தில் நிற்க வேண்டும், எப்போது எதிர்ப்பு முளைக்கும் என்று கணக்கிடும் மருந்தியக்கவியல் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. சில மணி நேரத்தில் கிருமியையும் அதன் எதிர்ப்பு நொதியையும் அடையாளம் காணும் சோதனை இல்லாமல் ஜோசுரபால்பின் மாதிரி குறுகிய மருந்துகளுக்கு எதிர்காலமே இல்லை, அதிலும் இடம் நிறைய. வேதியியல் பிடிக்கும் என்றால் முதலாவது, கணக்கு பிடிக்கும் என்றால் இரண்டாவது, கருவிகள் கட்டுவது பிடிக்கும் என்றால் மூன்றாவது. எதை எடுத்தாலும் முதல் ஆறு மாதம் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் உட்கார்ந்து, நிஜ நோயாளிகளின் கல்ச்சர் தட்டுகளைப் படித்துப் பழகிவிட்டுத் தொடங்குங்கள்.